‘ஐயம்’ என்று எழுதிக் கொட்டிய காய்கனிகள்: ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

உணவுப் பாதுகாப்பு ஆய்வுக்கும் காய்கனி விரயத்தைக் குறைக்கும் ஆய்வுக்கும் திட்டம் வகுத்து நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய குழுவினருக்கும், அவ்விரு துறைகளின் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

காய்கனிகளைத் தரம் பிரித்து, குளிரூட்டி, கடைகளுக்கு அனுப்பும் சிப்பம் கட்டும் கூடங்களில் பல ஆண்டுகளாகத் தரச் சோதகராக வேலை பார்த்து வருகிறேன். எந்தப் பெட்டி லாரியில் ஏற வேண்டும், எந்தப் பெட்டி குப்பைக்குப் போக வேண்டும் என்று கையெழுத்திடுவதே என் அன்றாட வேலை. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் இரண்டு கேள்விகள் எப்போதும் சேர்ந்தே வந்து நிற்கின்றன: இதை உண்பவருக்குத் தீங்கு வருமா? இதை வீணாக்கினால் யாருடைய உழைப்பும் நீரும் மண்ணும் வீணாகும்? என் மேசையில் ஒன்றாக நிற்கும் இவ்விரு கேள்விகளும் ஆய்வுலகில் தனித்தனி அறைகளில் பேசப்படுவதையும், ஓர் அறையில் எடுக்கும் முடிவு மற்ற அறைக்குத் தெரியாமல் போவதையும், அதனால் நல்ல உணவு கொட்டப்படுவதோடு சில வேளைகளில் உயிர்களும் போவதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஜூன் 7 உலக உணவுப் பாதுகாப்பு நாள். செப்டம்பர் 29 உணவு இழப்பு, விரயம் பற்றிய விழிப்புணர்வுக்கான பன்னாட்டு நாள். இரண்டையும் அறிவித்தது ஐக்கிய நாடுகள் பொதுச் சபைதான். ஆனாலும் முதல் நாளின் கூட்டங்களில் கொட்டப்படும் உணவைப் பற்றியோ, இரண்டாம் நாளின் கூட்டங்களில் நோய்க்கிருமியைப் பற்றியோ யாரும் விரிவாகப் பேசி நான் கேட்டதில்லை. தமிழில் ‘உணவுப் பாதுகாப்பு’ என்ற ஒரே சொல், உணவு உடலுக்குத் தீங்கு செய்யாதிருப்பதையும் குறிக்கிறது, எல்லோருக்கும் போதிய உணவு கிடைப்பதையும் குறிக்கிறது. குழப்பம் தருகிறதென்று இதைக் குறை சொல்வோர் உண்டு. எனக்கோ, மொழி சேர்த்து வைத்ததை நாம் பிரித்துவிட்டோம் என்றே தோன்றுகிறது.

ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். நறுக்கிக் கழுவிப் பையில் அடைத்த இலைக்காய்கறிகள் குளிர் அறையில் அடுக்கப்பட்டிருந்தன. நள்ளிரவுக்குப் பிறகு எப்போதோ மின்சாரம் நின்றது. மாற்று மின்னாக்கி இயங்கவில்லை. வெப்பநிலையைப் பதியும் கருவியும் அதே மின்சாரத்தை நம்பியிருந்ததால் அதுவும் நின்றுவிட்டது. விடியற்காலையில் நான் கதவைத் திறந்தபோது உள்ளே 9 டிகிரி செல்சியஸ். நறுக்கிய இலை 5 டிகிரிக்கு மேல் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதைப் பொறுத்தே அதை அனுப்பலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் அது ஒரு மணி நேரமா, ஆறு மணி நேரமா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை, எதுவும் இல்லை. ஒரு பையைப் பிரித்துப் பார்த்தேன். இலை மொறமொறவென்று இருந்தது. நறுக்கிய ஓரங்கள்கூடச் சிவக்கவில்லை. மணத்தில் எந்தக் குறையும் இல்லை. கண்ணும் மூக்கும் நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்க உதவா என்பதை அறிந்தவன் என்பதால், அவை சொன்னதை நம்பி நான் கையெழுத்திட முடியாது. அறையில் இருந்த அனைத்தையும் கொட்டினோம். கழிவுப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ‘ஐயம்’ என்று எழுதினேன். சோதனைக்கு அனுப்பிய மாதிரிகளின் முடிவு ஆறாம் நாள் வந்தது: தேடிய கிருமிகள் எதுவும் தென்படவில்லை.

அந்த முடிவு வந்த பிறகும், கொட்டியது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. என்னை உறுத்துவது அதுதான். எங்கள் பதிவேட்டில் ‘அழுகல்’, ‘அடிபட்டது’, ‘வாடல்’, ‘பூஞ்சணம்’ என்ற காரணங்களும் உண்டு. அவை கண்ணுக்குத் தெரிந்த உண்மைகள். அவற்றைக் குறைக்க வழிகளும் ஓரளவு தெரியும். ‘ஐயம்’ என்பது அப்படியல்ல. அது நமக்குத் தெரியாததன் பெயர். ஆய்வு எதையாவது குறைக்க முடியுமென்றால் முதலில் குறைக்க வேண்டியது அந்தச் சொல் எழுதப்படும் வரிகளைத்தான்.

இரு பக்கத்து அளவையும் தாங்கள் அறிவீர்கள். சேர்த்துப் பார்ப்பதற்காக மட்டும் இங்கே தருகிறேன். உலக சுகாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாசுபட்ட உணவால் ஆண்டுதோறும் சுமார் 60 கோடிப் பேர் நோயுறுகின்றனர். 4,20,000 பேர் இறக்கின்றனர். இறப்போரில் 1,25,000 பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையோ, 2022இல் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணானதாகக் கூறுகிறது. நுகர்வோருக்குக் கிடைக்கக்கூடிய உணவில் இது 19 சதவீதம். அறுவடைக்குப் பின், கடைக்கு வந்து சேருமுன் இழப்பது இதில் சேராது. விரைவில் கெடுபவை என்பதால் காய்கனிகள் இந்த இழப்புக் கணக்குகளில் எப்போதும் முன்வரிசையில் நிற்கின்றன. பச்சையாகவே உண்ணப்படுவதால் நோய்க் கணக்குகளிலும் அவற்றுக்கு ஓர் இடம் இருக்கிறது.

தெரியாமை எவ்வளவு பெரிய அளவில் இரு பக்கமும் வெட்டும் என்பதற்கு 2011ஆம் ஆண்டு வட ஜெர்மனியில் நடந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் ஈ.கோலை ஓ104:எச்4 என்ற கிருமி பரவி, 3,800 பேர் அளவில் நோயுற்றனர்; 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஹாம்பர்க் நகர அதிகாரிகள் முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயைச் சுட்டிக்காட்டினர். அந்த வெள்ளரியில் இருந்த கிருமி நோயாளிகளிடம் இருந்த கிருமி அல்ல என்று சில நாட்களில் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஐரோப்பா முழுவதும் வெள்ளரி மட்டுமின்றித் தக்காளியும் இலைக்காய்கறிகளும் வாங்க ஆளின்றி மலைமலையாக அழிக்கப்பட்டன. விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கும் மேல் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. உண்மையான காரணம் முளைகட்டிய விதைகள் என்று ஜூன் 10 அன்று அறிவிக்கப்பட்டது. பின்னர் எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைகளை நோக்கித் தடம் சென்றது. குற்றமற்ற வெள்ளரி குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில், குற்றமுள்ள முளைகள் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. விரயத்தையும் மரணத்தையும் உண்டாக்கியது ஒரே தாமதம்தான்.

இது ஒரு முறை மட்டும் நடந்ததன்று. 2008இல் அமெரிக்காவில் சால்மோனெல்லா என்ற குடல் நோய்க்கிருமி பரவி 1,400க்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது முதலில் தக்காளி பழிசுமந்தது. பல வாரங்களுக்குப் பிறகே பச்சை மிளகாய் வகைகளின் பக்கம் விசாரணை திரும்பியது. 2018 நவம்பர் 20 அன்று அதே நாட்டில், ரோமெய்ன் லெட்யூஸ் என்ற, பச்சையாக உண்ணும் கீரை எங்கு விளைந்திருந்தாலும் உண்ண வேண்டாம், வீட்டில் இருப்பதையும் எறிந்துவிடுங்கள் என்று அறிவிக்க வேண்டி வந்தது. எந்தப் பகுதியில் விளைந்த கீரை எந்தப் பையில் இருக்கிறது என்று பையைப் பார்த்துச் சொல்ல வழியில்லாததே காரணம். ஒரு வாரத்துக்குள் ஐயம் கலிஃபோர்னியாவின் சில பகுதிகளுக்குச் சுருங்கியது. அதன் பிறகுதான் விளைந்த பகுதியையும் அறுவடை நாளையும் பையில் அச்சிடும் வழக்கம் பரவியது. ஒரு சிறு அச்சு வரி அது. முன்பே இருந்திருந்தால் பிற பகுதிகளில் விளைந்த அத்தனை கீரையும் தப்பியிருக்கும். நோயின் ஊற்றும் விரைவில் பிடிபட்டிருக்கும். தடமறியும் ஆய்வை ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பின் கீழ் மட்டும் வைத்து மதிப்பிடுவோர், அது காப்பாற்றும் உணவின் அளவைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

சோதனைக்கூடத்தின் கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நறுக்கிய இலைக்காய்கறியின் ஆயுள், குளிர் தவறாமல் இருந்தால், சுமார் இரண்டு வாரம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான முறையில் சால்மோனெல்லா இல்லை என்று சொல்லவே மூன்று நாட்கள் ஆகும். ஐயம் எழுந்து உறுதிப்படுத்த வேண்டி வந்தால் ஐந்து நாட்களைத் தாண்டும். லிஸ்டீரியா என்ற மற்றொரு நோய்க்கிருமிக்கு ஒரு வாரமும் ஆகலாம். முடிவு வரும்வரை சரக்கை நிறுத்தி வைத்தால் இலையின் வாழ்நாளில் பாதி கிடங்கிலேயே கழிந்துவிடும். மீதிப் பாதியில் கடையிலோ வீட்டிலோ வாடிக் குப்பைக்குப் போகும். நிறுத்தி வைக்காமல் அனுப்பிவிட்டு, பிறகு கிருமி இருந்ததென்று முடிவு வந்தால், திரும்பப் பெறுவதற்குள் பாதி உண்ணப்பட்டிருக்கும். கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் (பி.சி.ஆர்.) முறைகள் இந்தக் காலத்தை ஒரு நாள் அளவுக்குக் குறைத்திருக்கின்றன. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வேகம் மட்டும் போதாது. ஆயிரம் பைகளுக்கு ஒரு பை வீதம் மாசுபட்டிருந்தால், 60 பைகளை எடுத்துச் சோதித்தாலும் அந்த மாசு சிக்காமல் போவதற்கு 100க்கு 94 பங்கு வாய்ப்பு இருக்கிறது. எவ்வளவு விரைவான கருவியும் தன் கையில் வராத பையைப் பற்றி எதுவும் சொல்லாது. எனவே கருவியைக் கூர்மையாக்கும் ஆய்வுக்குத் தரும் நிதியில் ஒரு பகுதியையாவது, மாதிரியை எங்கே, எப்போது, எப்படி எடுப்பது என்ற ஆய்வுக்குத் தருமாறு வேண்டுகிறேன். கழுவும் நீரிலிருந்து எடுப்பதா, வயலிலேயே வரிசைகளுக்கு நடுவே துணியால் ஒற்றி எடுப்பதா என்பன போன்ற கேள்விகள் அவை. பரிசு வாங்கித் தரும் தலைப்புகள் அல்ல. என் மேசைக்கு உடனே பயன்படும் தலைப்புகள்.

இதுவரை சொன்னது பாதுகாப்பு ஆய்வின் குறையால் நேரும் விரயம். மறுபக்கம் அதைவிடக் கவலை தருவது: விரயத்தைக் குறைக்க என்று செய்யும் ஆய்வு, பாதுகாப்பைப் பற்றிக் கேட்காமலேயே முடிந்துவிடுவது.

காய்கனியின் ஆயுளை நீட்டும் ஆய்வுக் கட்டுரைகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. மேற்பூச்சுகள், காய்கனியைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை உறிஞ்சும் பொருட்கள், உறைக்குள் ஆக்சிஜனைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டும் முறைகள் எனப் பல. பெரும்பாலானவை நிறம், எடை இழப்பு, இறுக்கம், இனிப்பு ஆகியவற்றை நாள்வாரியாக அளந்து, ‘இத்தனை நாள் ஆயுள் கூடியது’ என்று முடிகின்றன. அந்தக் கூடுதல் நாட்களில் லிஸ்டீரியா என்ன செய்தது என்ற கேள்வி அவற்றில் மிகச் சிலவற்றில்தான் கேட்கப்படுகிறது. லிஸ்டீரியா மற்றப் பல நோய்க்கிருமிகளைப் போன்றதன்று. குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையிலும் மெல்ல மெல்லப் பெருகும். உணவை அழுகவைக்கும் சாதாரண நுண்ணுயிர்கள் ஒரு வகையில் நமக்கு எச்சரிக்கை மணிகள். அவை பெருகினால் நாற்றம் வரும், வழுவழுப்பு வரும், நாமே எறிந்துவிடுவோம். அவற்றை மட்டும் அடக்கி, நோய்க்கிருமியை அடக்காத ஒரு முறை, மணியைக் கழற்றிவிட்டுத் திருடனை உள்ளே விட்டுவிடுகிறது. இலை பசுமையாகத் தெரியும் ஒவ்வொரு கூடுதல் நாளும் அந்தக் கிருமிக்குக் கிடைத்த கூடுதல் நாளாகிவிடும்.

இந்தத் தொடர்பைச் சட்டம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நுண்ணுயிர் அளவீட்டு விதி, உடனே உண்ணத்தக்க உணவின் ஆயுட்காலம் முடியும்வரை லிஸ்டீரியா ஒரு கிராமுக்கு 100 என்ற எண்ணிக்கையைத் தாண்டாது என்று தயாரிப்பாளர் காட்ட வேண்டும் என்கிறது. ஆயுளும் பாதுகாப்பும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. காளான் அடைக்கும் மெல்லிய உறையில் துளையிடும் வழக்கமும் அப்படிப் பிறந்ததே. காளான் மிக விரைவாகச் சுவாசிக்கும். இறுக மூடினால் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தானே தீர்த்துவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பொட்டுலினம் (botulinum) என்ற கொடிய நரம்பு நஞ்சை உண்டாக்கும் கிருமி விழித்துக்கொள்ளும். காளானை நீண்ட நாள் வெண்மையாக வைத்திருக்க நினைத்த ஒருவருக்கும், நஞ்சைப் பற்றி அஞ்சிய ஒருவருக்கும் இடையே அந்தச் சிறு துளைகள்தான் உடன்படிக்கை.

கூடத்தில் கழிக்கப்படும் பழங்களைச் சாறாகவும் கூழாகவும் மாற்றுவது விரயத்துக்கு நல்ல மருந்து என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் எந்தக் காரணத்துக்காகக் கழிக்கப்பட்டது என்று பிரிக்காமல் மாற்றக் கூடாது. வடிவம் கோணலான ஆப்பிளுக்கும் நீலப் பூஞ்சணம் பிடித்த ஆப்பிளுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. நீலப் பூஞ்சணம் பட்டுலின் (patulin) என்ற வேறொரு நஞ்சை உண்டாக்கும். சாற்றைக் காய்ச்சினாலும் அது முழுவதும் போகாது. அதனால்தான் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர நெறியில் ஆப்பிள் சாற்றுக்குக் கிலோகிராமுக்கு 50 மைக்ரோகிராம் என்ற வரம்பு இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்து மண்ணில் கிடந்த பழம் வேறொரு வகை. 1996இல் வட அமெரிக்காவில் காய்ச்சாத ஆப்பிள் சாற்றின் வழியே ஈ.கோலை ஓ157:எச்7 பரவி ஒரு குழந்தை இறந்தது. இரண்டாம் தரத்தைப் பயன்படுத்தும் திட்டங்களுக்கு நிதி தரும்போது, கழிக்கும் இடத்திலேயே பழங்களைக் காரணவாரியாகப் பிரிக்கும் முறையையும் அதே திட்டத்தில் கேளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

இரு கேள்விகளுக்கும் ஒரே விடை தரும் வேலைகள் உண்டு. அவைதான் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுகின்றன என்பது என் ஆதங்கம். 2011இல் அமெரிக்காவின் கொலராடோவில் விளைந்த முலாம்பழத்தால் லிஸ்டீரியா பரவி 147 பேர் நோயுற்றனர். 33 பேர் இறந்தனர். அங்கே சென்ற ஆய்வாளர்கள் குறித்தவற்றில் தரையில் தேங்கிய நீரும், சுத்தம் செய்யக் கடினமான கருவிகளும் இருந்தன; கூடவே, பழத்தைக் குளிர் அறைக்குள் வைக்குமுன் வயல் சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு இல்லை என்பதும் இருந்தது. வயல் சூட்டைத் தணித்தல் என்பது அறுவடைத் தொழிலின் மிகப் பழைய பாடம். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் காய்கனி சுவாசிக்கும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். பறித்த ஒரு மணி நேரத்துக்குள் சூட்டைத் தணித்தால் ஆயுள் நாட்கணக்கில் கூடும். அதே தணிப்பு, பழத்தின் மேல் ஈரம் வியர்த்து நின்று கிருமி பெருகுவதையும் தடுக்கும். இவ்வளவு இருந்தும், பெருங்கிடங்கு வைக்க வசதியில்லாத சிறு விவசாயிக்கு ஏற்ற தணிப்பு முறைகளைப் பற்றிய ஆய்வு, புதிய மேற்பூச்சுகளைப் பற்றிய ஆய்வுக்குப் பக்கத்தில் மெலிந்து கிடக்கிறது.

தணிப்பிலும் கவனம் வேண்டும். வெயிலில் சூடான தக்காளியைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காம்பு இருந்த தழும்பின் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நீரில் கிருமி இருந்தால் அதுவும் உள்ளே போகும். பிறகு எந்தக் கழுவலும் அதை எட்டாது. இலையிலும் இப்படியே. ஒளிரும்படி செய்த பாக்டீரியாக்களைப் பூசிய நறுக்கிய இலையை ஒரு முறை நுண்ணோக்கியில் பார்த்தேன். வழவழப்பான இலைப்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த பச்சைப் புள்ளிகள், கத்தி பட்ட ஓரத்தில் மணல் கொட்டியதுபோல நெருங்கிக் கிடந்தன. இலைத்துளைகளின் வாயிலும் ஒட்டியிருந்தன. குளோரின் கலந்த நீரில் கழுவிய பிறகும் ஓரத்தில் இருந்தவை பெரும்பாலும் அங்கேயே இருந்தன. கழுவுதல் இலையைத் தூய்மையாக்கிவிடும் என்று அதுவரை நானும் நம்பியிருந்தேன். குளோரின் நீரின் முதன்மைப் பணி, ஒரு பையின் கிருமி அடுத்த பைக்குப் போகாமல் தடுப்பதே. இலையில் ஏற்கெனவே ஒட்டியதில் 10 பங்கில் 9 பங்கையோ, 100 பங்கில் 99 பங்கையோதான் அது நீக்கும். மண்ணும் சாறும் கலந்து நீர் கலங்கியதும் குளோரின் தீர்ந்துவிடும். அந்தக் கணத்தில் தொட்டி முழுவதும் மாசு பரவும். பிறகு அனைத்தையும் கொட்ட வேண்டி வரும். தொட்டி நீரின் நிலையை நொடிக்கு நொடி காட்டும், விலை குறைந்த, கலங்கல் நீரிலும் பிழையாத ஓர் அளவி கிடைத்தால் எங்கள் பதிவேட்டில் ‘ஐயம்’ என்ற சொல் பாதியாகக் குறையும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

சான்று இல்லாமல் வரும் விதிகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2006இல் அமெரிக்காவில் பையில் அடைத்த பசலைக்கீரையால் ஏறத்தாழ 200 பேர் நோயுற்று மூவர் இறந்த பிறகு, வனவிலங்குகள் வயலுக்குள் வரக் கூடாது என்பதற்காகக் கலிஃபோர்னியாவில் பல விவசாயிகள், வாங்குவோரின் நெருக்குதலால், வயலோரப் புதர்களையும் செடிவரிசைகளையும் அழித்தனர். விலங்குத் தடம் தெரிந்த இடத்தைச் சுற்றியிருந்த விளைச்சல் அறுக்கப்படாமல் விடப்பட்டது. அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் பல்லாயிரம் சோதனை முடிவுகளைத் தொகுத்து 2015இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வு, புதர்களை அழித்ததால் கிருமி குறைந்ததாகக் காட்டவில்லை. அழித்த இடங்களில் அது காலப்போக்கில் கூடியதாகவே காட்டியது. இந்த ஆய்வு விதிக்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஒரு பாதுகாப்பு விதி எத்தனை பேரைக் காக்கும் என்று கேட்பதோடு, அது எவ்வளவு நல்ல விளைச்சலைக் கழிக்கும் என்றும் அளக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி முன்பே எழுந்திருக்கும்.

தோற்றத்தையும் தேதியையும் பாதுகாப்பென்று மயங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; தாங்கள் அறிந்ததே. வெள்ளரியின் வளைவை 10 சென்டிமீட்டருக்கு 10 மில்லிமீட்டர் என்று அளந்த ஐரோப்பிய விதி 2009இல் நீக்கப்பட்டபோது யாரும் நோயுறவில்லை. வெட்டாத, தோல் நீக்காத காய்கனிகளுக்கு ‘இந்நாளுக்கு முன் பயன்படுத்தினால் சிறப்பு’ என்ற தேதி தேவையில்லை என்று கோடெக்ஸ் நெறியே சொல்கிறது. இருந்தும் தேதி அச்சிடப்படுகிறது. அதைப் பார்த்து நல்ல பொருள் எறியப்படுகிறது. வெட்டிய காய்கனிக்கோ தேதி உண்மையிலேயே தேவை. இந்த வேறுபாட்டை வீட்டில் இருப்பவருக்கு எப்படிச் சொன்னால் மனத்தில் நிற்கும் என்பது ஆய்வுக்குரிய கேள்வி.

தங்களிடம் நான் கேட்பது இவைதான். ஆயுளை நீட்டும் எந்தத் திட்டமும், நீட்டிய ஆயுளின் இறுதி நாள்வரை குறைந்தது ஒரு நோய்க்கிருமியையாவது சேர்த்து அளக்காமல் நிதி பெறக் கூடாது. அந்த அளவீடு சீரான குளிரில் மட்டுமின்றி, கதவு திறந்து மூடப்படும், லாரி வெயிலில் நிற்கும், மின்சாரம் நின்று வரும் உண்மையான நிலைமைகளிலும் நடக்க வேண்டும். அதேபோல், எந்தப் பாதுகாப்பு முறையை ஆராய்ந்தாலும் அதனால் கழிக்கப்படும் பொருளின் எடையை எழுதாமல் முடிவை ஏற்கக் கூடாது. பலனளிக்காத சோதனைகளும் வெளியிடப்பட வேண்டும். எந்த மேற்பூச்சு எங்கள் கூடத்தில் தோற்கும் என்று முன்பே தெரிந்திருந்தால், அதை மீண்டும் வாங்கிச் சோதித்து ஒரு பருவத்துப் பழத்தை நாங்கள் இழந்திருக்க மாட்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கழிவுப் பதிவேடுகளை ஆய்வுக்குக் கொண்டுவர ஒரு வழி வேண்டும். உலகெங்கும் சிப்பம் கட்டும் கூடங்களில் ஒவ்வொரு நாளும் எது, எவ்வளவு, ஏன் கொட்டப்பட்டது என்று யாரோ ஒருவர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த ஏடுகள் வெளியே வருவதில்லை. குளிர் தவறியதை ஒப்புக்கொண்டால் வாங்குவோர் விலகுவார்கள், அதிகாரிகள் தண்டிப்பார்கள் என்ற அச்சமே காரணம். எங்கள் கூடத்தின் மின்தடை இரவைப் பற்றியும் வெளியே யாருக்கும் சொல்லப்படவில்லை. பெயரும் இடமும் நீக்கி, தண்டனைக்குச் சான்றாகப் பயன்படாது என்ற உறுதியோடு அவற்றைத் திரட்டும் ஓர் ஏற்பாட்டை, நோய்ப் பரவலை விசாரிக்கும் அதிகாரத்துக்குக் குந்தகம் வராத வகையில், தங்களைப் போன்ற பொது அமைப்புகளால்தான் செய்ய முடியும். தனி நிறுவனம் எதுவும் இதைச் செய்யாது.

நான் எழுதிய பதிவுகளின் படிகளை, வேலை தரும் இடத்தின் ஒப்புதலோடும் பெயர்கள் நீக்கப்பட்டும், அப்படி ஓர் ஏற்பாடு தொடங்கும் நாளில் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். காரணக் கட்டத்தில் ‘ஐயம்’ என்று எழுதிய பக்கங்களை மடித்துக் குறித்து வைத்திருக்கிறேன், அவற்றிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
மிக்க மதிப்புடன்,
சிப்பம் கட்டும் கூடத்தின் தரச் சோதகர் ஒருவர்